இடது காலில் செயின் கறை

அன்பும் மரியாதையும் மிக்க சைக்கிள் கடை மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. கடிதத்தின் தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டும் என எங்கள் மொழி ஆசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும் என்பதால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். நீங்களும் அத்தையும் சுகம்தானே? கடைக்குப் பஞ்சர்கள் குறைவில்லாமல் வருகின்றனவா? இதை நான் குளியலறையில் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் நடுப்பக்கங்களைப் பிரித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம். போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தலையணைக்கு மேல் அம்மா இருக்கிறாள்.

மாமா, அப்பா நம்மை எல்லாம் விட்டுவிட்டுப் போகப்போகிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு.

சும்மா சொல்லவில்லை, சாட்சி இருக்கிறது. சாட்சி, அப்பாவின் சாம்பல் நிறப் பேன்ட். இந்த வீட்டில் துணி துவைப்பது ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் நான். என் முறை வந்த முதல் நாளே அந்தப் பேன்ட்டில் கறுப்பாக ஒரு கறையைப் பார்த்தேன். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவர். அவர் வேலையில் ஒட்டுவது வெள்ளைத் தூள்தான், கறுப்பு எங்கிருந்து வந்தது? மோந்து பார்த்தேன், செயின் கிரீஸ். சரி, சைக்கிளில் போகிறவர் பேன்ட்டில் செயின் கறை இருக்கத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சோப்பை எடுத்தேன், எடுத்த பிறகுதான் பார்த்தேன், கறை இருந்தது இடது காலில்! அதுவும் வெளிப்பக்கம்! ஓட்டுகிறவனுக்குக் கறை ஒட்டினால் வலது காலின் உட்பக்கத்தில்தானே ஒட்டும்? போன விடுமுறையில் உங்கள் கடையில் உட்கார்ந்து நான் கேட்டேனே, நினைவிருக்கிறதா, ஏன் மாமா எல்லா சைக்கிளிலும் செயின் வலது பக்கமே இருக்கிறது என்று? நீங்கள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரங்கம்மா. அவங்க சைக்கிளுக்கு இடது பக்கம் நின்னு தள்ளுவாங்க, இடது பக்கத்துலேர்ந்துதான் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவாங்க. செயினும் அங்கேயே இருந்தா போட்டிருக்கிற துணி என்னத்துக்கு ஆகும்? அதான் அந்தப் பக்கம் தள்ளி வச்சுட்டாங்க. இடது சுத்தமான பக்கம், வலது அழுக்குப் பக்கம். அவ்வளவுதான் சாஸ்திரம்."

இந்தச் சாஸ்திரம்தான் மாமா, என் தூக்கத்தைக் கெடுத்தது. இடது காலின் வெளிப்பக்கம் கறை ஒட்டவேண்டுமானால் அப்பா சைக்கிளுக்கு வலது பக்கத்தில், அதாவது அழுக்குப் பக்கத்தில், நடந்து வந்திருக்கவேண்டும். இருபது வருடமாக இடது பக்கம் ஏறி இறங்குகிற மனிதர் ஏன் திடீரென்று பக்கம் மாறினார்? சுத்தமான பக்கத்தை யாருக்கோ விட்டுக்கொடுத்திருக்கிறார். யாருக்கு?

அவரையே கேட்டேன். "வழியில யாரோ இடிச்சுட்டாங்க" என்றார். அடுத்த நாளும் அதே இடத்தில் கறை. "இன்னிக்கும் இடிச்சுட்டாங்களா?" என்றேன். "ஊர்ல கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, இல்லாத தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். ஆறு மணிக்கு வருகிறவர் இப்போதெல்லாம் ஏழரைக்கு வருகிறார். வரும்போது மூச்சு வாங்குகிறது. சைக்கிளில் வருகிறவருக்கு ஏன் ஓடி வந்தவரைப்போல மூச்சு வாங்குகிறது? அம்மாவிடம் கேட்டுவிடலாம் என்றால் அம்மாவும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. தையல்காரம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று தினமும் போகிறாள். மூன்று வாரமாகத் தைத்தும் ஒரு புதுத் துணி வரவில்லை, முழங்காலில் ஒரு கட்டுதான் வந்தது. "என்னம்மா இது?" என்றால், "படியில வழுக்கிட்டேன்டி" என்கிறாள். மாமா, எங்கள் வீடு தரைத்தளம். வாசலில் ஒரு கட்டைவிரல் உயரத்துக்குச் சிமென்ட் மேடு இருக்கிறது, அதிலிருந்து விழ எறும்பாகப் பிறந்திருக்கவேண்டும். பாவம், அம்மாவுக்கும் சந்தேகம் வந்து அப்பாவைப் பின்தொடர்ந்து போய் எங்கேயோ விழுந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டு, அவள் மனம் நோகக்கூடாதென்று மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆராயாமல் யார் மேலும் பழி போடக்கூடாது என்பதால் போன ஞாயிற்றுக்கிழமை, இருவரும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, அப்பாவின் பேன்ட்டை நானே மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, நடைபாதையில் சைக்கிளை ஒருமுறை இடது பக்கம் நின்றும் ஒருமுறை வலது பக்கம் நின்றும் தள்ளிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சாஸ்திரம் அப்படியே பலித்தது, இடது பக்கம் நின்றபோது ஒன்றும் ஒட்டவில்லை, வலது பக்கம் போன உடனே அதே இடத்தில் கறை. சந்தோஷத்தில் திரும்பியதில் பேன்ட் தடுக்கி, சைக்கிள் மாடி வீட்டு வாத்தியாரின் பூந்தொட்டி மேல் சாய்ந்து, தொட்டி இரண்டாகி, அவர் இறங்கி வந்து, "என்னம்மா இது, அப்பா பேன்ட்டைப் போட்டுக்கிட்டு?" என்று கேட்டார். "அறிவியல் செய்முறை சார்" என்றேன். "எந்தப் பாடம்?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தொட்டியைப் பூனை உடைத்ததாக வீட்டில் நம்பவைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பூனை இல்லை என்பது இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை, என் வகுப்பில் எங்களால் ரேடியோ என்று அழைக்கப்படுகிறவள் இடைவேளையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கப்பாவைத் தண்ணித் தொட்டி மைதானத்துல பார்த்தேன்டி. கூட ஒரு அம்மா."

"எந்த அம்மா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. தலையில துணி கட்டியிருந்தாங்க. உங்கப்பா சிரிச்சுக்கிட்டே பக்கத்துல ஓடினாரு."

"எங்கப்பாவா? சிரிச்சாரா? அப்ப அது எங்கப்பா இல்ல" என்று அவளை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று மாலை கறை முழங்கால் வரை ஏறியிருந்தது.

இன்று இரவு நடந்ததைக் கேளுங்கள். சாப்பிட்டதும் நான் படுத்துவிட்டதாக நினைத்துச் சமையலறையில் பேசிக்கொண்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அப்பா சொன்னார், "எத்தனை நாளைக்குத்தான் நான் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் கையை விட்டுடறேன்."

"ஐயோ, விட்டுடாதீங்க. இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"பார்த்தாச்சு. நான் இல்லாம உன்னால முடியும். திங்கக்கிழமையிலேர்ந்து எப்படியும் நீ தனியாத்தானே போகணும்?"

"குட்டிக்குத் தெரிஞ்சா?"

"இப்ப சொல்லவேண்டாம். அவளைத் தாங்க முடியாது."

அப்புறம் அம்மா சிரித்தாள். துக்கம் மிஞ்சிப்போனால் சிரிப்பு வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். ஒரு அப்பா, கைவிடப்போவதை நேரம் குறித்துச் சொல்வாரா?

அவர்கள் தூங்கியதும் எழுந்து, நீங்கள் எனக்குக் கொடுத்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனேன். சைக்கிள் இல்லாமல் அப்பா எப்படிப் போவார்? இடது பெடலைக் கழற்றிவிடத் தீர்மானித்தேன். எல்லாத் திருகும் கழலுகிற பக்கம்தான் திருப்பினேன், அது இன்னும் இறுகிக்கொண்டது. சைக்கிளும் அப்பாவோடு சேர்ந்துகொண்டதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் இடது பெடலின் திருகுமரை மட்டும் தலைகீழ் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, மறுபக்கம் திருப்பினேன். மூன்று சுற்று கழன்றது. அதற்குள் மாடியில் வாத்தியார் இருமினார், அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். இப்போது பெடல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது, மிதித்தால்தான் தெரியும்.

நீங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டும். அப்பாவிடம் பேசவேண்டும். அவர் கேட்காவிட்டால் என்னையும் அம்மாவையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். எனக்குத் தனி அறை வேண்டாம், டயர்கள் தொங்கும் சுவருக்குக் கீழே படுத்துக்கொள்வேன். பஞ்சர் ஒட்டத் தெரியும். உங்களைத் தவிர இந்த உலகத்தில் நான் நம்புகிற பெரியவர் யாரும் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் அவரவர் பக்கத்திலேயே நடந்து நூறு வயது வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்

பின்குறிப்பு: உறை தேடி அம்மாவின் ஊசிநூல் டப்பாவைத் திறந்தேன். அதில் உறை இல்லை, உங்கள் கடிதம் இருந்தது. உங்கள் கையெழுத்து வாளியில் உட்காராமலே கோணல்தான், சந்தேகமே இல்லை. "அக்கா, போன்ல சொன்னா குட்டியோட காது கதவைத் தாண்டி வரும், அதான் எழுதறேன். மருந்துக்கடையில வீடு வீடா மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை விட்டுடாதே. மூணு வாரத்துல சைக்கிள் ஓட்ட வந்துடும். இடது பக்கமா ஏறு. நீ எப்பவும் வலது பக்கம்தான் சாய்வே, அதனால அத்தான் வலது பக்கம் ஓடிவந்து சீட்டைப் பிடிக்கட்டும். செயின் கறை அவர் பேன்ட்டோட போகட்டும், உன் துணி தப்பிக்கட்டும். குட்டிகிட்ட மட்டும் மூச்சு விடாதே. போன தடவை அவ சிரிச்ச சிரிப்புல நீ ஒரு வருஷம் சைக்கிளைத் தொடலை."

நான் சிரித்தது உண்மைதான். சிரித்ததோடு விடவில்லை, அம்மா விழுந்ததை வருகிறவர்களுக்கெல்லாம் நடித்தும் காட்டினேன். ரேடியோவுக்கு இரண்டு முறை.

நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பா கையை விடுவார், அம்மா தனியாக மிதிப்பாள், அந்த இடது பெடலை! இரண்டு பெடலையும் முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் இறுகும் என்று நீங்கள் சொன்னது சரிதானே? உங்கள் பதில் வர நான்கு நாள் ஆகும். நான் போய்த் திருப்புகிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: இறுக்கிவிட்டேன். கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே ஏறி நின்றும் பார்த்தேன். சைக்கிளின் இடது பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் அழுக்குப் பக்கமாகப் புகுந்துதான் கையை நீட்ட முடிந்தது. என் பாவாடை முழுக்கச் செயின் கறை. நாளையிலிருந்து துவைக்கிற முறை அம்மாவுடையது. அவளிடம் மூச்சு விடாதீர்கள். கேட்டால், படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.