பிள்ளையார் தூங்கும் நேரம்

இந்த வயதில் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் நேரில் பார்த்த ஒரே பனி, மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் பொட்டலத்தின்மேல் படிந்திருப்பதுதான்.

கொரியாவுக்குப் போய்ப் பனி கொட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் பிலோமினாவுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்த ஆசை. ஒவ்வொரு வருடமும் ஏதாவது குறுக்கே வந்தது. அவள் கல்யாணம், என் பிரசவம், அவள் மாமனாருக்கு ஆபரேஷன், அப்புறம் ஊரடங்கு. சில வருடங்களுக்கு முன் ஒருவழியாக டிக்கெட் எடுத்த அன்று, மேருவில் நாங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை கேன்டீனில் கட்டிப்பிடித்து அழுதோம். (சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆள் குறைக்கிறார்கள் போல என்று பயந்துவிட்டார்கள்.)

கிளம்பும் நாள் வந்தது. பிற்பகலில் விமானம். போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் ஓர் அர்ச்சனை, கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் என் ஏற்பாடு. பெட்டியில் இடமில்லாததால் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டே கோயிலுக்குள் போனேன். வியர்வையில் விபூதி நெற்றியில் நிற்கவில்லை.

தேங்காய், பழத்தோடு பாஸ்போர்ட்டையும் தட்டில் வைத்து ஐயரிடம் நீட்டினேன். "சாமி காலடியில வெச்சு எடுங்க ஐயரே. முதல் ஃபாரின் பயணம். பிலோ, உன்னோடதையும் குடு லா."

"வேணாம் லா. எனக்குச் சர்ச்சுல ஃபாதர் ஜெபம் பண்ணிட்டாரு."

தீபாராதனை முடிந்து ஐயர் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாசலில் என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். "ஜெயா, பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி எடுக்கணும்."

தட்டில் இருந்ததை அப்படியே கைப்பையில் கொட்டிக்கொண்டு ஓடினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ராகு காலத்தை ஏமாற்றிவிட்ட பெருமையில் விமான நிலையம்வரை பேசிச் சிரித்துக்கொண்டே போனோம்.

கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டாள். பைக்குள் கையை விட்டேன். ஒரு தேங்காய் மூடி வந்தது. மறுபடி விட்டேன். வாழைப்பழம் வந்தது. கோட்டில் இருந்த பைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன்.

பிலோமினாதான் மெதுவாகச் சொன்னாள். "ஜெயா, உன் பாஸ்போர்ட் சாமிகிட்டயே இருக்கு."

கையில் தேங்காய் மூடியோடு அப்படியே நின்றேன்.

"எங்க ஃபாதர் ஜெபம் முடிச்ச உடனே கையில குடுத்துட்டாரு," என்றாள். (அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய பேச்சா அது?)

என் வீட்டுக்காரர் கோயிலுக்குக் காரை விரட்டினார். நடை சாத்தியிருந்தது. ஐயர் சாவியோடு சுங்கை பூலோவில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டாராம். என் வீட்டுக்காரர் எப்படியோ ஐயருடைய நம்பரை வாங்கி எனக்கு அனுப்பினார். நான் விமான நிலையத்திலிருந்தே அழைத்தேன்.

"ஐயரே, சாவிய யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்களேன்."

"அது முடியாதும்மா. சாமி தூங்குறாரு. அஞ்சரைக்குத்தான் எழுப்பணும்."

"அஞ்சரைக்கு என் பிளேன் பாதிக் கடல தாண்டிடும் ஐயரே."

"கவலப்படாதீங்க. பாஸ்போர்ட் பத்திரமா இருக்கு. அவர மீறி யாரும் எடுக்க முடியாது."

என்னாலும் முடியாது என்பதுதான் அங்கே பிரச்சினை. தடையை நீக்கச் சொல்லி ஒருவரிடம் போனால், அவரே என் பாஸ்போர்ட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். யாரிடம் போய் முறையிடுவது? அந்தக் கோட்டோடு தரையில் உட்கார்ந்து, மூக்குச் சிந்தி அழுதேன். இத்தனை வருட ஆசை ஒரு வாழைப்பழத்தில் முடிந்ததே என்று மனசு ஆறவே இல்லை.

கவுன்டர் மூடும் நேரம். "நீயாவது போ பிலோ," என்றேன். அப்படிச் சொன்னால் அவள், "நீ இல்லாம நான் எப்படி லா போவேன்," என்று அழுவாள் என்பது என் கணக்கு.

"சரி," என்றாள். உடனே சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். என்னைத் தேற்றப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உன் கிளவுஸ் ரெண்டையும் குடேன். என்னோடது மெல்லிசு."

கொடுத்தேன்.

மாலையில் அதே கோட்டோடு கோயிலில் நின்றேன். ஐயர் குங்குமம் படிந்த பாஸ்போர்ட்டைச் சிரித்த முகத்தோடு நீட்டி, "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா," என்றார். மறுநாள் கைபேசியில் பிலோமினாவின் படம் வந்தது. சுற்றிலும் பனி. என் கிளவுஸ் இரண்டும் அவள் கையில் மிக அழகாக இருந்தன.

அடுத்த வருடம் மறுபடி போகலாமா என்று கேட்டேன். "அதான் கொரியா பாத்தாச்சே லா. வெயில் ஊரா எங்கயாச்சும் போவோம்," என்றாள்.

அந்தக் கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. நான் மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "ஜெயா, கொரியாவுக்கா? கோட்ட மாட்டிக்கிட்டுப் போ."