பூசாத சுவரும் பெரிய விளக்கும்

தடால் என்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் மாமா ஸெய்னுதீன் வாசல் கேற் தூணில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றார்.

உள்ளே தாஹிருக்குச் சந்தோஷம். "பாத்தியா? விளக்கு வேலை செய்யுது," என்றார் மனைவி பல்கீஸிடம்.

மகள் அசனாவுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த வீட்டின் முன்சுவர் இன்னும் பூசப்படவில்லை. மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற வீடு. கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் பெண்ணோடு வீட்டையும் பார்ப்பார்கள். சுவரைக் கண்டால் சம்பந்தம் முறிந்துவிடும்.

துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு வெளிச்சம் பிடித்துப் பழகிய தாஹிர் கலங்கவில்லை. பெரிய விளக்கொன்றை இரவல் வாங்கி, வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே திருப்பிக் கட்டிவிட்டார்.

"கண்ணில வெளிச்சம் அடிச்சா, பின்னால யானை நிண்டாலும் தெரியாது."

"முன்னால தூண் நிக்கிறதும் தெரியல்லையே. அணைச்சு விடுங்க. பொழுதுபட்டுத்து, சுவர் எப்படியும் தெரியாது."

அணைத்தார். கூசிப்போன கண்களுக்கு இப்போது முற்றமே இல்லை. வந்த மூன்று பேரும் வரிசையாகக் கோழிக்கூட்டில் போய் முட்டினார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது கோழிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

"வஅலைக்கும் ஸலாம். கொஞ்சம் அப்படியே நில்லுங்க. கண் பழகினாச் சரி."

"கண் பழகினாச் சுவரும் தெரியுமே," என்று பல்கீஸ் காதுக்குள் சொன்னாள்.

தாஹிர் பாய்ந்துபோய் மறுபடி விளக்கைப் போட்டார். இருட்டில் விரிந்திருந்த கண்களில் வெளிச்சம் சுள்ளென்று அடித்தது. மாப்பிள்ளையின் உம்மா கதிரை என்று நினைத்துத் தண்ணீர் வாளியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஜெமீல் தாஹிர் என்று நினைத்து விறாந்தைத் தூணுக்குக் கைநீட்டி, "சுகமா இருக்கிறீங்களா மாமா?" என்று கேட்டான்.

"இனி இது சரிவராது," என்றாள் பல்கீஸ்.

"பொறு. சுவரை இன்னும் ஆரும் பாக்கல்ல."

உள்ளே தேத்தண்ணி குடித்து முடிந்தது. ஸெய்னுதீன் நெற்றியில் ஈரத்துணியை அழுத்தியபடி தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் பிள்ளையையும் பிடிச்சிருக்கு, வீடும் பிடிச்சிருக்கு. வாற மாசமே நிக்காஹை வைப்பம்."

தாஹிர் தாடியைத் தடவிக்கொண்டார். இந்த மூளை ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

அவர்களை வழியனுப்பிவிட்டு விளக்கை அணைக்க வந்தார். மதிலுக்கு அப்பால், ஒழுங்கையில் ஸெய்னுதீன் மெல்லச் சொல்வது கேட்டது.

"நெத்தி வீங்கினாலும் பரவாயில்ல தங்கச்சி. எல்லாரும் முட்டினதில, நம்மட ஜெமீலுக்கு மாலைக்கண் எண்டதை ஆரும் கண்டுபிடிக்கல்ல."