சால்னா வாளியும் சினிமா கண்ணும்

படம் பார்ப்பவர்களில் பல ரகம் உண்டு. விசிலடிப்பவர், தூங்குபவர், முறுக்குத் தின்பதற்கென்றே வருபவர். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது, திரையில் தெரியும் ஒவ்வொரு முகத்துக்கும் தெருவிலிருந்து ஒரு பெயரை எடுத்து ஒட்டுபவரைப் பற்றி. எங்கள் விருதுநகரில் அவர் பெயர் ராஜபாண்டியன். பருப்பு மண்டியில் வேலை என்று சொல்லிக்கொள்வார். முழுநேரத் தொழில் இதுதான்.

போன வாரம் ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஒரு பரோட்டா கடை, அதில் ஒரு கஞ்ச முதலாளி, ஒரு மாஸ்டர், ஒரே ஒரு பரோட்டா சொல்லிவிட்டுக் கடை சாத்தும்வரை பெஞ்சைத் தேய்க்கும் நாலு பேர். இதெல்லாம் எந்த ஊரில் இல்லை? ஆனால் நம்மவர் இடைவேளைக்குள் அத்தனை பேருக்கும் பெயர் வைத்து, பின்வரிசையிலிருந்து என் காதுக்குள்ளேயே அதை அறிவித்து, மறுநாள் சாயங்காலம் நேராகக் கமாலுதீன் பாயின் பரோட்டா கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"பாய், அது ஒங்க கடைதான். அப்படியே எடுத்திருக்கான்!"

"எவனும் கேமராவோட இங்கன வரலையே."

"சொல்லிட்டா வருவான்? ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. படத்துல மாஸ்டர் தெனமும் தூக்குவாளியில சால்னா கொண்டு போறான். எதுக்கு? ருசி பிடிபட்டதும் எதிர்த்தாப்புலயே கடை போட்டுட்டான்!"

பாய் கடை மாஸ்டர் முனியராஜும் வீட்டுக்குச் சால்னா கொண்டுபோவார். எந்தக் கடை மாஸ்டர்தான் கொண்டுபோகமாட்டார்? பன்னிரண்டு வருஷமாக அதை ஊற்றிக் கொடுப்பவரே பாய்தான். ஆனாலும் அன்று வாளியைப் பார்த்ததும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா முனியராஜ், கடை எங்கன போடப்போற?"

முனியராஜ் சால்னாவை அண்டாவிலேயே திருப்பி ஊற்றினார்.

"பன்னெண்டு வருசம் அடுப்புல வெந்தவனைக் களவாணிங்கிறீகளா மொதலாளி?"

அவ்வளவுதான். ஏழாயிரம்பண்ணைக்கு, சொந்த ஊருக்கு, பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாளாகக் கடையில் பரோட்டா இல்லை. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்ததைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவிட்டுத் தின்ற நாக்கை வைத்துக்கொண்டு நான் இட்லி தின்கிறேன். கோபம் வராதா? பாய் மூன்று தடவை ஏழாயிரம்பண்ணைக்குப் போய்க் கெஞ்சிவிட்டார். முனியராஜ் கதவைத் திறக்கவில்லை. வேறு மாஸ்டர் கிடைக்காவிட்டால் கடையைக் கைமாற்றிவிட வேண்டியதுதான் என்கிறார் பாய்.

நேற்று ராஜபாண்டியன் வந்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

"நான் சொல்லலே? படத்துலயும் மாஸ்டர் போயிருவான்!"

பாய் பல்லைக் கடித்தார். "நானும் பார்த்துட்டேன் அண்ணே அந்தப் படத்தை. ரெண்டு பேருக்கு நடுவுல மூட்டிவிட்டுக் கடையைக் கெடுக்கிறானே ஒருத்தன், அது யாரு?"

அந்த ஒரு முகம் மட்டும் ராஜபாண்டியனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"நம்ம சைக்கிள் கடை செல்லப்பாண்டி சாடையில்ல இருக்கு?"

இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? மச்சானா? மேல்வீட்டுக்காரரா? 'உங்களைத்தான் எழுதியிருக்கான்' என்று அவருக்கு அனுப்பிவைக்க விரல் துடிக்கிறதா? தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஊரிலாவது பரோட்டா பொரியட்டும்.