வறட்சி தாங்கும் ஐந்து செடிகளும் எங்கள் ஊரும்

ஒலக்கூர் அருகில்,
திண்டிவனம் வட்டம்.
ஆனி 16

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் இதழின் வாசகி ப. இளவரசி பணிவுடன் எழுதுவது. எத்தனையோ கடிதங்கள் வந்து குவியும் இடத்துக்கு நானும் ஒன்றை அனுப்பித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். மூன்று முறை எண்ணை அழுத்தினேன், மணி அடித்ததும் பயந்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்த மூன்று மிஸ்டு காலும் நான்தான். தாங்களும் அலுவலகத்தில் உள்ளவர்களும் இந்த வெயிலிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'வெளித்தோட்டத்துக்கு ஐந்து பாலைச் செடிகள்: எது தாங்கும்?' என்ற என் ஒப்பீட்டுக் கட்டுரை அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருந்தீர்கள். அந்த அறிவிப்பை அம்மா கத்தரித்து அரிசி டின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தார் பெயர் இதுவரை அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான், அதிலும் அப்பாவின் வயது தப்பு. ஆகவே இந்தக் கட்டுரை எனக்கு எவ்வளவு பெரியது என்று தாங்களே புரிந்துகொள்வீர்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். 

ரோட்டோரம் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடாமல் விட்டிருந்த மூலையில் மாசி மாதம் ஐந்தையும் நட்டேன். ஒன்று சோற்றுக்கற்றாழை, இரண்டு பாலைவன ரோஜா, மூன்று ஆனைக்கற்றாழை, நான்கு சப்பாத்திக்கள்ளி, ஐந்து திண்டிவனம் நர்சரியில் வாங்கிய உருண்டைக் கள்ளி, பூசணி அளவில் மஞ்சள் முள்ளோடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை, சுற்றிலும் முள்வேலி. வேர் பிடிக்கும்வரை தண்ணீர், பங்குனி பிறந்த பிறகு ஒரு சொட்டு இல்லை என்பது விதி. தினமும் காலை ஆறு மணிக்கு டேப்பும் நோட்டுமாகப் போய் உட்கார்ந்து அளந்து எழுதுவேன். பாலைவன ரோஜா இலையை உதிர்த்துவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொண்டது, சப்பாத்திக்கள்ளி கிழவர் கன்னம் மாதிரிச் சுருங்கியது, ஐந்தாம் எண் மட்டும் மேற்குப் பக்கம் வெயில் பட்டு லேசாக மஞ்சளித்ததே தவிர அசையவில்லை. வெயில் இத்தனை அடித்தும் எல்லாமே நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாங்கின. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வைகாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் வந்த வேன், சரியாக என் வேலிக்கு எதிரில் பஞ்சராகி நின்றது. டிரைவர் குமரேசன் அண்ணன் சக்கரத்தைக் கழற்ற, எல்லாரும் இறங்கினார்கள். எங்கள் தெரு ராஜாமணி அக்கா வேலியை எட்டிப் பார்த்தார்.

"ஊரே காஞ்சி கெடக்குது, இது மட்டும் எப்படிடி உருண்டையா, பச்சையா உக்காந்துக்கினு இருக்குது?"

"நட்ட மாதிரியே தெரியலக்கா. பூமியப் பொளந்துக்கினு தானா வந்த மாதிரி இல்ல இருக்குது" என்றார் இன்னொருவர்.

நான்தான் நட்டேன், நர்சரி பில் வீட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்பது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தபடியே நின்றேன்.

"பாரு, புள்ளைக்கு வாயடைச்சிப் போச்சி" என்று ராஜாமணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் குனிந்து, "கண்ணு, எம் பொண்ணு சித்ராவுக்கு ரெண்டு வருசமா ஒரு வரனும் தகையல. எப்பம்மா தகையும்?" என்றார்.

பதில் சொன்னது நானல்ல ஐயா. குமரேசன் அண்ணன்தான் கிரீஸ் கையோடு வந்து என் நோட்டை எட்டிப் படித்தார். "யக்கா, எழுதியே வச்சிருக்குது. 'மேற்குப் பக்கம் லேசாக மஞ்சள். வாடல் இல்லை.' மேக்கால இருந்து மஞ்சக் குங்குமம் வருது, போதுமா?"

பதினோராம் நாள் செஞ்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சித்ராவைப் பார்த்துவிட்டுப் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். செஞ்சி எங்களுக்கு மேற்கே இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதோடு போயிற்று என் சோதனை. மறுநாள் காலையில் நான் போகும்போது அங்கே பதினேழு பேர். முள்ளுக்கு நடுவில் பெயின்ட் பிரஷ்ஷால் மஞ்சள் பூசியிருந்தார்கள். பெயரும் வைத்துவிட்டார்கள். பலகையில் இருந்ததை அப்படியே, அஞ்சாம் நம்பர் ஆத்தா. இரண்டாம் எண்ணின் பூ தினமும் ஐந்தாம் எண்ணுக்குப் போகிறது. மூன்றாம் எண்ணின் மடல்களில் வேண்டுதல்காரர்கள் ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள், அதில் 'குரூப் 4 பாஸ்' என்று ஒரு மடல் முழுக்க இருக்கிறது. நான்காம் எண்ணை, ஆத்தாவுக்கு எதிரில் முள்ளு ஆகாது என்று யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆத்தாவே முழுக்க முள்தானே என்று யாரும் யோசிக்கவில்லை. ஒன்றாம் எண்ணை டீக்கடை சின்னக்கண்ணு மாமா வேரோடு பிடுங்கிப் போய்க் கண்ணேறுக்காகக் கடை வாசலில் தலைகீழாகக் கட்டிவிட்டார். விடக்கூடாது என்று தினமும் அங்கே போய் பெஞ்சில் ஏறி நின்று அதை அளக்கிறேன்.

"டீ போடட்டுமா, இல்ல அளந்துக்கினே போயிடுவியா?" என்று அவர் தினமும் கேட்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர். வெயிலில் காய்கிற ஆத்தாவைக் குளிர வைக்கிறோம் என்று ஆளுக்கொரு குடம். தண்ணீரே இல்லாமல் வாழ்கிறது என்பதற்காகத்தான் அதைக் கும்பிடுகிறார்கள், கும்பிடுகிறோம் என்று தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை அடியைத் தொட்டுப் பார்த்தேன், கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. அழுகிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்துப் பேர் எதிரில் சத்தமாகப் பேசினேன், "ஊத்தாதீங்க, செத்துடும்" என்று. "படிச்ச புள்ள பேசற பேச்சா இது, வாயக் கழுவு" என்றார்கள். 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று பலகை எழுதி வைத்தேன். அதை மதித்து மறுநாள் பால், இளநீர், மோர் கொண்டு வந்தார்கள். ஆடியில் கேப்பைக் கூழ் ஊற்றப் போவதாகவும் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் முறையிட்டேன். அம்மாவுக்கு இப்போது குழாயடியில் வரிசை கிடையாது, நேராக முதல் குடம் வைக்கலாம். "நாலு பேரு மதிக்கறாங்க, உனக்கு இன்னா பேஜாரு?" என்கிறார்.

கடைசியாக அப்பாவிடம் போனேன். அப்பா பச்சைமுத்து அதிகம் பேசமாட்டார். நான் அழுததைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஊத்தனா சாவாதும்மா. பங்குனியில இருந்து சாயங்காலம் சாயங்காலம் அஞ்சுக்கும் ஆளுக்கொரு சொம்பு நான் ஊத்திக்கினுதான் இருக்கேன்."

ஏன் அப்பா என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா பயிர் வைக்கறேன், காயற செடிய எப்படிப் பாத்துக்கினு போறது? அதுவுமில்லாம செத்துப் போச்சின்னா புக்குல உன் பேரு கெட்டுப் போவுமே."

ஆக, ஐயா, எண்பத்திரண்டு நாள் அட்டவணையில் ஒரு வரிகூட உண்மையில்லை. தண்ணீரே படாத செடி என்றால் இன்றைய தேதிக்கு டீக்கடையில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை மட்டும்தான். முப்பத்து மூன்று நாள், மண் இல்லை, நீர் இல்லை, நேற்று ஒரு புதுக் குருத்து விட்டிருக்கிறது. ஆனால் வெளித்தோட்டத்தில் செடிகளைத் தலைகீழாகக் கட்டுங்கள் என்று வாசகர்களுக்கு எழுத முடியாதல்லவா? ஆகவே என் கட்டுரையைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். பொய்யான கணக்கோடு என் பெயர் அச்சில் வருவதைவிட வராமலே இருக்கட்டும். அரிசி டின்னை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், என் எழுத்துப் பிழைகளைத் திருத்திய அந்த உதவி ஆசிரியர் அம்மாவுக்கும் என் வணக்கம். தங்கள் ஊரிலாவது சீக்கிரம் மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
ப. இளவரசி, பி.எஸ்சி. (தாவரவியல்)

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று விடியற்காலையில் இதைத் தபால் பெட்டியில் போடக் கிளம்பினேன். வேலி ஓரம் ஒருவரும் இல்லை. ஐந்தாம் எண்ணுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அங்கே போன பிறகு தோன்றியதல்ல, வீட்டிலிருந்தே சொம்போடுதான் கிளம்பினேன். அழுகும் செடிக்கு அது எமன் என்று படித்தவள், தெரிந்தேதான் ஊற்றினேன். வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அது நிறைவேறுவது தங்கள் கையில் இருக்கிறது. அட்டவணையில் 'தண்ணீர் விட்டவர்கள்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, அப்பா, ஊரார் என்பதற்குக் கீழே என் பெயரையும் பட்டத்தோடு சேர்த்து, அந்தக் கட்டுரையை எப்படியாவது அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள் ஐயா.