அறுபத்து மூன்று வயதுச் சின்னவர்

நாற்காலிக்கு மெத்தை வாங்கியது தப்பாகப் போய்விட்டது.

அளவெடுத்து வாங்கிய மெத்தை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பெரியவர் உட்காரும் ஜன்னலோர நாற்காலியை நூல் பிடித்து அளந்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், கடையில் இருந்ததிலேயே நல்ல நீலமாகப் பார்த்து வாங்கியிருந்தார் சின்னவர். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷமும் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்துட்டேன், தம்பி" என்று சொல்லிவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்ணே" என்றார் சின்னவர். மெத்தை எடைக்கல் அலமாரியின் அடித்தட்டில் செய்தித்தாளுக்குள் சுருண்டு கிடந்தது.

அது தராசு சோதனைப் பிரிவு. ஊரில் உள்ள கடைத் தராசுகள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே வந்தாக வேண்டும். ஒருவர் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் அதே கற்களை முதலிலிருந்து மறுபடி வைத்துப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போடுவார். இரண்டும் இருந்தால்தான் முத்திரை. பிரிவில் இருந்ததும் இரண்டே பேர்தான். முதல் கையெழுத்துக்காரர் பெரியவர், இரண்டாவது கையெழுத்துக்காரர் சின்னவர்.

அந்தப் பெயர் வைத்தபோது சின்னவருக்கு முப்பத்து நான்கு வயது, தலை நிறைய கறுப்பு முடி. இப்போது வயது அறுபத்து மூன்று தாண்டிவிட்டது. கறுப்பு முடி ஒன்றுகூட மிச்சமில்லை, கடைவாய்ப் பல் நான்கும் போய்விட்டன. ஆனாலும் லிப்ட் இயக்குபவரிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் சின்னவர்தான். அவருடைய பேரன்கூட ஒருநாள் தொலைபேசியில், "சின்னவர் தாத்தாவா பேசறது?" என்று கேட்டிருக்கிறான். பெரியவர் எழுந்து வீட்டுக்குப் போனால் வேறு பிரிவிலிருந்து யாராவது ஒருவன் வருவான், அவன் சின்னவனாக இருந்துகொள்ளட்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

அறுபதில் ஓய்வு. விருப்பப்பட்டால் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்து அறுபத்தைந்து வரை இருக்கலாம். சின்னவர் இருப்பதற்குக் காரணம் இருந்தது. தாமதமாக வேலைக்குச் சேர்ந்தவர், முப்பது வருஷம் முடித்தால்தான் முழு ஓய்வூதியம். ஒரு நாள் குறைந்தாலும் பாதிதான். இன்னும் எட்டு மாதம் பாக்கி.

ஆனால் பெரியவருக்கு என்ன கேடு? இருபத்திரண்டு வயதில் சேர்ந்த மனுஷர். முழு ஓய்வூதியம் எப்போதோ உறுதியாகிவிட்டது. இதற்கு மேல் எத்தனை வருஷம் இருந்தாலும் ஒரு பைசா கூடாது. அப்படியும் அந்த ஜன்னலையும் நாற்காலியையும் விட மனசு வரவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? சின்னவர் அதற்கு ஏழெட்டுப் பெயர்கள் வைத்திருந்தார். எதையும் வெளியில் சொல்ல முடியாது.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்க உட்கார்ந்தா உங்களுக்கென்ன? எட்டு மாசம் வாயை மூடிட்டு இருங்க. முழு பென்ஷன் வரட்டும். இந்த மாத்திரைக்கு நாளைக்கு மகன் முகத்தையும் மருமக முகத்தையும் பார்த்துட்டு நிக்க என்னால முடியாது."

நியாயமான பேச்சுதான். சின்னவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் முதல் வேலையாகப் பெரியவரின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்.

முகம் வாடியிருக்கிறது என்றார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். இந்த வயதில் ஓய்வுதான் மருந்து என்று யாரோ ஒரு மருத்துவர் சொன்னதாக வேறு எடுத்துவிட்டார். பெரியவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அடுத்த வாரமே கண்ணாடியை மாற்றினார், காலையில் நடக்க ஆரம்பித்தார், ஒரே மாதத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"நல்லவேளை சொன்னீங்க, தம்பி. நமக்கு ரெண்டு பேருக்குமே உடம்பு முக்கியம். நாளையிலேர்ந்து நீங்களும் வாங்க. அஞ்சரைக்கு வீட்டு வாசல்ல வந்து கூப்பிடறேன்."

கூப்பிட்டார். ஒருநாள் தவறாமல் கூப்பிட்டார். தெருவிளக்கு அணைவதற்கு முன்னால் சின்னவர் அவர் பின்னால் லொங்கு லொங்கென்று ஓடினார். அறுபத்து நான்கு வயதுக்காரருக்கு வியர்க்கவே இல்லை, இவருக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. நடையில்கூட அந்த மனுஷர் முதல் ஆளாகத்தான் போக வேண்டுமா என்று பொருமினார்.

இந்த வழி சரிப்படாது என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனார். அண்ணியிடம், அண்ணன் அலுவலகத்தில் ஜன்னலைப் பார்த்தே பெருமூச்சு விடுகிறார், வீட்டு ஞாபகமாகவே இருக்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று உருக்கமாக எடுத்துச் சொன்னார்.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது.

"வேணாம் தம்பி. போன தடவை பத்து நாள் லீவு போட்டு வீட்டுல இருந்தாரு. சமையலறையில இருக்கிற டப்பாவையெல்லாம் எடை போட்டுச் சீட்டு ஒட்டிட்டாரு. என்னையும் நிறுத்துப் பார்த்தாரு. கொஞ்ச நாளைக்கு அங்கயே வெச்சுக்குங்க."

மறுநாளிலிருந்து பெரியவரின் சாப்பாட்டுப் பையில் இரண்டு டப்பாக்கள் வந்தன. இரண்டாவது சின்னவருக்கு. அண்ணியின் கைமணம் அப்படி. சின்னவர் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பையிலேயே வைத்துவிட்டு அதைத்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும், இதுவும் அவருக்கு மட்டும் வாய்த்திருக்கிறதே என்று எரிச்சல்பட்டுக்கொண்டே சாப்பிட்டார். மீதமாகித் திரும்பி வந்த டப்பாவை அவருடைய மனைவி மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு கட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகுதான் அவர் ஆலோசனைப் பெட்டியில் பெயரில்லாத கடிதம் ஒன்றைப் போட்டார். எடை பார்ப்பது நுட்பமான வேலை, அறுபது தாண்டியவர்களின் கை நடுங்குகிறதா என்று மருத்துவரை வைத்துச் சோதிப்பது பொதுமக்களுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். இயக்குநருக்கு யோசனை பிடித்துவிட்டது. அறுபது தாண்டியவர்கள் அனைவருக்கும் சோதனை என்று உத்தரவு போட்டார். அந்தக் கட்டடத்திலேயே அறுபது தாண்டியவர்கள் இரண்டு பேர்தான் என்பது சின்னவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மருத்துவர் பிரிவுக்கே வந்தார். ஒரு கிராம் கல்லை இடுக்கியால் எடுத்து, தட்டில் சத்தம் வராமல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பெரியவர் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். சின்னவர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தன் முறை வந்தபோது பல்லைக் கடித்தது தாடைக்கு வந்து, தாடையிலிருந்து தோளுக்கு இறங்கி, கைக்கும் வந்துவிட்டது. கல் இடுக்கியிலிருந்து துள்ளி, தரையில் உருண்டு, எடைக்கல் அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

சின்னவர் அசைவதற்குள் பெரியவர் குனிந்துவிட்டார். அடித்தட்டில் இருந்த செய்தித்தாள் பொட்டலத்தை வெளியே எடுத்தார். ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். ஜன்னலோர நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கல்லை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மருத்துவர் பேனாவைத் திறந்து, தகுதி இல்லை என்ற கட்டத்தின் பக்கம் கொண்டுபோனார். சின்னவருக்கு மாத்திரைப் பெட்டி ஞாபகம் வந்தது.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் பெரியவர். "விடியறதுக்கு முன்னாடி நான்தான் இவரை நடக்கக் கூட்டிட்டுப் போனேன். வெறும் வயித்தோட வந்திருக்காரு. தப்பு என்மேல. நாளைக்கு ஒருதடவை பாருங்க."

மறுநாள் பெரியவரை வெளியே அனுப்பிவிட்டுச் சோதித்தார்கள். பார்த்துப் பொறாமைப்பட ஆள் இல்லாததால் சின்னவரின் கை கல்லாக நின்றது. தேறிவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷர் அன்று முழுக்க வெந்து போனார். தோற்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பெரியவர் தயவில் தேறியதை எங்கே போய்ச் சொல்வது? நல்லவர் என்ற பெயரும் அவருக்கே, ஜன்னலும் அவருக்கே. போதாக்குறைக்கு மெத்தையைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்தக் கோபத்தில்தான் அவர் விதிமுறைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மஞ்சள் பூத்து, அட்டை கழன்ற புத்தகம். மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கிடைத்தது. முழு ஓய்வூதியத் தகுதியை ஏற்கெனவே அடைந்துவிட்டவருக்கு மூன்று நீட்டிப்புகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பெரியவர் வாங்கியிருப்பது ஐந்தாவது.

இந்த முறை பெயரை ஒளிக்கவில்லை. புகாரை நல்ல தாளில், அழகான கையெழுத்தில் எழுதி, கீழே பெயர் போட்டு, பணியாளர் பிரிவுக்குக் கொண்டுபோனார். நடையில் முழங்கால் வலி தெரியவே இல்லை.

அங்கே இருந்தது கோப்பம்மா. எந்த நேரமும் கையில் கோப்பு வைத்திருப்பதால் அந்தப் பெயர். வருகிறவர், போகிறவர், நீட்டிப்பவர் எல்லோருடைய காகிதமும் அவள் மேஜையில்தான் வந்து விழும். புகாரை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"சின்னவர் சார், விதி சரிதான். இதைப் பதிவு பண்ணினா அவர் நாளைக்கே வீட்டுக்குப் போயிடுவார்."

"பதிவு பண்ணும்மா."

"நீங்களும்தான் போவீங்க."

சின்னவருக்குப் புரியவில்லை. தான் ஏன் போக வேண்டும், அவர் இடத்துக்கு வேறு ஒருவன் வருவான், சட்டப்படி எல்லாம் நடக்கட்டும் என்று படபடத்தார். கோப்பம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒருத்தனும் வர மாட்டான் சார். நாலு வருஷத்துக்கு முன்னாடியே மேலேருந்து உத்தரவு வந்தாச்சு. உங்க பிரிவுக்கு இனி ஆள் கிடையாது. ரெண்டு கையெழுத்துல எது நின்னாலும் அன்னைக்கே பிரிவை மூடிடணும், மிச்சம் இருக்கிறவருக்கும் அன்னைக்கே ஓய்வு. உத்தரவு பிரிவுத் தலைவர்னு பெரியவர் சார் பேருக்கு வந்தது, அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்."

மாத்திரைப் பெட்டியில் பாதிக் குழிகள் காலியாக இருப்பதுபோல சின்னவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னுட்டார். நீங்க ரோஷக்காரராம். உங்களுக்காகத்தான் அவர் இருக்கிறார்னு தெரிஞ்சா அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவீங்களாம்."

"யாருக்காக யாரு இருக்கிறது?" என்றார் சின்னவர்.

கோப்பம்மா அடி இழுப்பறையைத் திறந்து, ஓரம் பழுத்த தாள் ஒன்றை எடுத்து, புகாருக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவரின் கையெழுத்து. முதல் கையெழுத்துக்காரரின் அதே உருண்டை எழுத்து.

"இது அவரோட ஓய்வுக் கடிதம் சார், எழுதி நாலு வருஷமாச்சு. தேதி மட்டும் போடலை, 'தம்பி முப்பது முடிக்கிற அன்னைக்கு நீயே போட்டுக்கம்மா'ன்னு சொல்லிட்டு, மாசாமாசம் வந்து இன்னும் எத்தனை நாள்னு கேட்டுட்டுப் போறார்."