நாலாய் மடித்த நுழைவுச்சீட்டு

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

நீச்சல்குளக் கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் தொங்கிய அட்டையைக் காவலாளி தட்டிக் காட்டினார். 'பரிசோதிக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.' தேதி போன மாதம். கையெழுத்து, சந்தேகமே இல்லாமல், லிஃப்ட் மெக்கானிக்குடையது.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அந்த நல்ல நிலையில உள்ள லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்குது. உள்ளே ஒரு பொண்ணு."

"கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. நான் இன்னிக்கு லீவு."

"பண்ணேனே! அவங்க உங்க நம்பரைத்தான் கொடுத்தாங்க."

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். சாம்பியன்ஷிப் நீச்சல் ரிலே தொடங்கப் பத்தே நிமிடம். நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். மஞ்சள் தொப்பி அணிக்குக் கடைசியாகக் குதிக்கப்போவது அவர் மகள். நீலத் தொப்பி அணிக்குக் கடைசியாகக் குதிப்பவளுக்கு டால்பின் என்று பட்டப்பெயர். மூன்று வருடமாக மகளின் கழுத்துக்கு வரவேண்டிய தங்கத்தையெல்லாம் அவள்தான் கொண்டுபோனாள். அவள் உயரமா, குட்டையா என்பதுகூட மெக்கானிக்குக்குத் தெரியாது. பதினோரு போட்டி நடந்ததில் ஒன்றுக்குக்கூட அவர் வந்ததில்லை.

"வரேன்னு சொல்லாதீங்கப்பா. வந்தா வாங்க," என்றாள் மகள் காலையில். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

லிஃப்ட் கதவில் காதை வைத்தார்.

"அங்கிள், சீக்கிரம்! ரேஸ் ஆரம்பிச்சிடும்!" உள்ளேயிருந்து அழுகைக் குரல்.

"எனக்கும் அதே ரேஸ்தான்மா! அழாதே. அஞ்சே நிமிஷம், ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடலாம்."

என்ன கோளாறு என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். கதவுப் பூட்டில் ஒரு தகடு தேய்ந்திருந்தது. புதுசு மாற்ற வேண்டும். போன மாதம் கையில் புதுசு இல்லை. பையைத் துழாவினார், மகளின் பதினோராவது போட்டிக்கான நுழைவுச்சீட்டு அகப்பட்டது. அன்றும் போகவில்லை. எப்படியும் வீண்தானே என்று அதை நாலாய் மடித்துத் தகட்டுக்குப் பின்னால் செருகி, கையெழுத்துப் போட்டுவிட்டார். குளத்து ஈரத்தில் அது இப்போது ஊறி நைந்திருக்கும்.

மெஷின் அறைக்கு மூன்று மூன்று படியாகத் தாவினார். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அவசரத்தில் பக்கத்து சுவிட்சை அணைத்தார். குளத்து மைக்கில் யாரையோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது.

"சார், மைக் போச்சு!" காவலாளி கீழேயிருந்து கத்தினார்.

"அது எதுக்கு இப்போ? லிஃப்ட் என்ன ஆச்சு?"

மறுபடி சுவிட்சைப் போட்டார். மைக் எழுந்திருக்கவில்லை. சரியான சுவிட்சை அணைத்துப் போட்டார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, இன்னும் அரையடி கீழே போய் உட்கார்ந்தது.

"சார், முன்னாடி கதவுக் கண்ணாடியில தலையாவது தெரிஞ்சுது. இப்ப அதுவும் போச்சு!"

"வாயை மூடிட்டு நில்லுங்க!"

இனி கைச்சக்கரம்தான். இரண்டு கையாலும் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். சுற்றத் தொடங்கியபோது விசில் கேட்டது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே குளத்தின் நடுத்துண்டு மட்டும் தெரிந்தது.

நீலத் தொப்பி போயிற்று. மஞ்சள் பின்னால். இரண்டாம் ஆள், இடைவெளி கூடியது. மூன்றாம் ஆள், மஞ்சள் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது.

"சார், லிஃப்ட் இறங்குது! எதிர்ப்பக்கம் சுத்துறீங்க!"

தலையில் அடித்துக்கொண்டு திருப்பிச் சுற்றினார். மறுபடி ஜன்னல். கடைசி ஆள். நீலம் எங்கோ முன்னால். நாலைந்து ஆள் நீளம் பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் மகள்! முதல் ஐம்பதில் இரண்டாம் இடத்துக்காரியைத் தாண்டிவிட்டாள். திரும்பி வரும்போது நீலத்துக்கும் அவளுக்கும் ஒரு ஆள் நீளம்தான். அரை ஆள்...

"அங்கிள்!" கீழே அழுகை.

சக்கரத்தை விட்டால் லிஃப்ட் நின்றுவிடும். சக்கரத்தைப் பிடித்தால் ஜன்னல் போய்விடும். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்போது அந்தக் கட்டடமே அலறியது. கூரை அதிர்ந்தது. யார் ஜெயித்தது?

லிஃப்ட் ஏறி வர இன்னும் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு கீழே ஓடினார். கம்பியால் கதவைத் திறந்து, கை கொடுத்துத் தூக்கினார். தலையை மூடிய தொப்பிச்சட்டையில் ஓர் உயரமான பெண். நன்றிகூடச் சொல்லாமல் குளத்துப் பக்கம் பறந்தாள். தரையெல்லாம் வெறுங்காலின் ஈரத் தடம்.

"என்ன அவசரமோ! செருப்பைக்கூட விட்டுட்டுப் போகுது," என்றார் காவலாளி.

மெக்கானிக் கதவுப் பூட்டிலிருந்து நைந்த சீட்டை உருவிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

பதக்கம் கொடுத்து முடித்திருந்தார்கள். மகள் தலை துவட்டிக்கொண்டே வந்தாள். கழுத்தில் தங்கம்.

"அப்பா! வந்தீங்களா?"

"வராம? முதல் வரிசையிலதான் இருந்தேன்!"

அந்தப் பொய் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் அதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை.

"நிஜமாவா? கடைசிப் பதினைஞ்சு மீட்டர் பார்த்தீங்களா? மூச்சே எடுக்கலப்பா!"

"நான் மட்டும் எடுத்தேனா?"

"நீலத்துக்குக் கடைசியா நீந்தினது யாருன்னு பார்த்தீங்கல்ல?"

"பார்க்காம என்ன! அந்த டால்பின்தானே? என்னமா திணறினா! சுவரைத் தொட்டதும் அழுதே போட்டா. மூணு வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுத்தே பாரு, கண்ணு!"

பதக்க நாடாவை நீவிக்கொண்டிருந்த மகளின் விரல் நின்றது.

அப்போது யாரோ அவர் கையைத் தொட்டார்கள். தொப்பிச்சட்டைப் பெண். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"சாரி அங்கிள். லிஃப்ட்ல இருந்து தூக்கி விட்டீங்க, ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லாம ஓடிட்டேன். ரேஸ் முடியற வரைக்கும் எனக்காக அவ்ளோ கஷ்டப்பட்டீங்க."

மெக்கானிக் அசட்டுச் சிரிப்புடன் மகளைப் பார்த்தார். பைக்குள் ஈரச்சீட்டு விரலில் ஒட்டியது.

"அது... வந்து... யாரும்மா நீ?"

மகள் கழுத்திலிருந்து பதக்கத்தை மெதுவாகக் கழற்றினாள்.

"நீங்க முதல் வரிசையில உக்காந்து பார்த்த டால்பின் இவதான்ப்பா."