டிக்கி நிறைய முன்ஜாக்கிரதை

நான் ஒரு முன்ஜாக்கிரதைப் பேர்வழி. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பதுபோலத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் ஓசூரில் எனக்கு ஒரு புளி மண்டி இருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரையிடம் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. வழியில் நின்றுவிட்டால்? ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு செப்புக்குடம் வாங்கி டிக்கியில் வைத்தேன். ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்துப் பற்றவைக்க நவச்சாரம். பஞ்சருக்கு நான்கு டியூப். பெட்ரோல் உறிஞ்ச ஒரு ரப்பர் குழாய். பசித்தால் கஞ்சி காய்ச்ச மண்சட்டி, கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள ஒரு கூடை வெல்லம். (ஒரு கூடை எதற்கு என்று கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் எத்தனை நாளோ, யார் கண்டது?) கண்ட தண்ணீரைக் குடித்து வயிறு போனால் கஷாயம் வைக்க வேலம்பட்டை. அஞ்செட்டிக் காட்டில் ஒரு மாதம் குடும்பம் நடத்தலாம். நான் போய்வந்ததென்னவோ மண்டிக்கும் வீட்டுக்கும்தான்.

என் மனைவியின் தம்பி நாகராசுவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு அத்திப்பள்ளி. பெண் கிருஷ்ணகிரி. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை முந்தின நாளே போய்விட வேண்டும். நான் விட்டால்தானே!

"பஸ்ல போயி கசங்கணுமா? விடிஞ்சதும் நம்ம கார்ல ஏறுனா ரெண்டு மணி நேரம். நான் பொறுப்பு" என்றேன்.

பெண் வீட்டாரும், மாப்பிள்ளை காரில் வருகிறார் என்றதும் அழைப்பைக் காலையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். மற்ற எல்லோரும் முந்தின நாளே பஸ்ஸில் போனார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான், மாமனார், பட்டுவேட்டியில் நாகராசு மூவரும் கிளம்பினோம்.

அத்திப்பள்ளி அன்று மைசூர் ராஜ்யம். அங்கே சாராயக் கடை திறந்திருக்கும். ஜூஜுவாடி வந்தால் நம் பக்கம், மதுவிலக்கு. எனவே ஜூஜுவாடியில் செக்போஸ்ட். முந்தின நாள் நான் அந்தப் பக்கம் போனபோது ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. மாப்பிள்ளையோடு திரும்பும்போதுதான் ஏட்டு கையை நீட்டி மறித்தார். டிக்கியைத் திறந்து காட்டினேன். என் ஏற்பாடுகளைப் பார்த்து மெச்சுவார் என்றே நினைத்தேன், சத்தியமாக.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.

"வெல்லம் இருக்குது. வேலம்பட்டை இருக்குது. நவச்சாரம் இருக்குது. ஊறல் போட சட்டி, வடிக்கக் கொழா, புடிக்கக் கொடம், ரொப்பிக் கடத்த டியூப். ஏஞ்சாமி, சாராயம் காய்ச்ச அடுப்பு ஒண்ணுதான் கொறையுது. அத எங்க உட்டுட்டு வந்தீங்க?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஏற்பாட்டில் குறை என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"அடுப்பு சீட்டுக்கு அடியில இருக்குதுங்க" என்று சொல்லி, குனிந்து ஸ்டவ்வை எடுத்துக் கொடுத்தேன்.

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, மாப்ள! ஒங்க வாயில மண்ணப் போட!"

அழாத குறையாகக் கெஞ்சினோம். ஏட்டு நல்ல மனிதர். "கல்யாணத்தக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம். காரும் மாப்ளையும் போவட்டும். இந்தச் சாமானும் இந்த ஆளும் சர்க்கிள் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கணும்" என்றார்.

காரை யார் ஓட்டுவது? ஓசூர் ஏரிக்கரையில் என்னிடம் நான்கு நாள் ஓட்டப் பழகிய நாகராசுதான். தன் கல்யாணத்துக்குத் தானே காரோட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்த பார்வையில் என்மீது துளி மரியாதைகூட இல்லை. நான் வெல்லக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எறும்பு வராமல் பார்த்துக்கொண்டேன்.

மிச்சக் கதை மாமனார் சொன்னது. அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நிற்காத கார், அன்றைக்குக் குருபரப்பள்ளியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர்க்குடம் என்னோடு செக்போஸ்டில். அங்கே சாலையோரம் மோர் விற்ற அம்மாளிடம் ஒரு பானை மோரை வாங்கி நாகராசு உள்ளே ஊற்றியிருக்கிறான். கார் இரண்டு தடவை வெள்ளையாக நுரை கக்கிவிட்டுப் படுத்துவிட்டது. கடைசியில் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போன லாரியில் இருவரும் ஏறினார்கள். காரை எதிர்பார்த்து ஊர் எல்லையில் நின்ற மேளக்காரர்கள் ஆட்டு லாரிக்கு நாதஸ்வரம் வாசித்தார்களாம். மாப்பிள்ளை மாலையை ஆடுகள் பாதிக்குமேல் தின்றுவிட்டன. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது.

சர்க்கிள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். சாமானைப் பார்த்தார். ஒவ்வொன்றும் எதற்கு என்று நான் விளக்கியதை முழுக்கக் கேட்டார். பிறகு ஏட்டிடம் திரும்பி, "யோவ், சாராயம் காய்ச்சக் கொஞ்சமாவது மூளை வேணும்யா. இவர அனுப்பிடு" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கல்யாண வீட்டுக்குப் போனபோது பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதுப்பெண் மட்டும் எழுந்து வந்து, "அண்ணா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். வெட்கத்திலும் பசியிலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயசத்தில் கண்ணீர் விழ விழக் குடித்தேன்.

அந்தப் பெண்ணுக்கே இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதாகிவிட்டது. போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க அவளே வந்தாள். எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்து, "மொத நாளே குடும்பத்தோட வந்துடுங்க" என்றாள். என் கையில் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, வெகு மரியாதையாகச் சொன்னாள்:

"அண்ணா, நீங்க பஸ்ல வாங்க. வெறுங்கையோட வாங்க."